நங்கையாவுக்கு எடுத்த கனகாம்பரக் கலர்

வாராவாரம் இதைப் படிக்கிற நம்ம சொந்தக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். என் எழுத்தே கோணல், ஞாபகம் அதைவிடக் கோணல். போன வாரம் எழுதினதில் என் ஓரகத்தியின் பெயரை அவள் தங்கச்சிக்குப் போட்டுவிட்டேன். ஓரகத்தி போன் பண்ணி, "ஏனுங்க அக்கா, என்னை எங்க கொண்டுபோய்ப் போட்டீங்க?" என்று சிரித்தாள். இந்த வாரமும் முன்னுக்குப் பின்னாகத்தான் வரும்.

ஆனால் ஒரு காட்சி மட்டும் எனக்குக் கலையாமல் இருக்கிறது.

வெள்ளகோவிலில் ஒரு வீட்டு வாசல்படி. தை மாசத்துக் காலை, வெயில் இன்னும் சுட ஆரம்பிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் என் நங்கையா உட்கார்ந்திருக்கிறார். மடியில் முகம் பார்க்கிற கண்ணாடி. என் காலடியில் ஒரு பை நிறையப் பனியன் வேஸ்ட் துணி. கட்டிங் மேஜையிலிருந்து கழிந்து விழுகிற துண்டுகள். கலர் கலராக ஒவ்வொன்றாய் எடுத்து அவர் தாடைக்குக் கீழே வைத்துப் பிடிக்கிறேன். எட்டி நின்றுதான் பிடிக்கிறேன்.

"ஏம்புள்ளே சரசு, பல்லுப் புடுங்க வந்தவளாட்ட எட்டி நிக்கறே? கிட்ட வா" என்கிறார்.

நங்கையா என்றால் என் வீட்டுக்காரருக்கு அக்கா. பெயர் பழனாத்தா. எங்கள் பக்கம் புருசனுடைய அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் திருப்பூர் நல்லூரில் இருக்கிறேன். அவரைக் கட்டிக்கொடுத்தது வெள்ளகோவிலில்.

துணியைத் தாடைக்கடியில் பிடித்து என்ன பார்த்தோம் என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முந்தி நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பொறந்த ஊட்டுக் கோடி

அவருக்கு வயிற்றில் கட்டி. கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு, "இனி ஊட்டுல வெச்சே பாத்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் விளக்கவில்லை.

நான் பார்க்கப் போயிருந்தேன். மருமகள் கோமதியைக் காப்பி வைக்கச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு, என் கையைப் பிடித்தார்.

"சரசு, நான் போனா கோடி நீதானே கொண்டாரணும்?"

"அந்தப் பேச்செல்லாம் இப்ப எதுக்குங்க நங்கையா?"

"தம்பி இருந்திருந்தா அவங்கிட்டச் சொல்லியிருப்பேன். அவன் எனக்கு முந்திக்கிட்டான். இப்ப அது உன்ற தலைமேல வந்துருச்சு. கேட்டுக்க."

கட்டிக்கொடுத்த பெண் இறந்துபோனால், பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை கொண்டுபோய் அவள்மேல் போர்த்த வேண்டும். அதுதான் கோடி. சேதி வந்த பிறகு, அழுகிற கண்ணோடு ஏதாவது ஒரு கடையில் ஏறி, கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். புருசன் இருக்கிற பெண்ணென்றால் சிவப்பு. ஒருத்தரும் யோசிக்க மாட்டார்கள். நெருப்புக்குப் போகிற துணிதானே என்று இருந்துவிடுவார்கள்.

"எனக்குச் செவப்பு வேண்டாம்" என்றார் நங்கையா. "அதுக்குன்னு வயசானவிய கலருன்னு சாம்பலையும் கொண்டாராதே. என்ற மூஞ்சிக்கு எது ஆகும்னு பாத்து எடு. கம்பெனில கலரு பாத்தவதானே நீ?"

பிடித்த கையை விடாமல் மேலும் சொன்னார்.

"ஒரு பொம்பளைய ஊரே நின்னு மூஞ்சியப் பாக்கறது ரெண்டே நாளு சரசு. கண்ணாலத்தன்னைக்கு ஒருக்கா. போற அன்னைக்கு ஒருக்கா. மொத நாளு எனக்குக் கெட்டுப்போச்சு."

கோமதி காப்பியோடு வந்தாள். நங்கையா உடனே, "தைப்பூசத்துக்குச் சேலை எடுக்கலாம்னு பேசிட்டிருந்தோம்" என்று சொல்லிவிட்டார்.

முதல் நாள்

அந்த முதல் நாளை நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். அவர் அப்போது டவுசர் போட்ட பையன்.

நங்கையா நல்ல கருப்பு. கல்யாணத்துக்குச் சிவப்புக் கூறைச்சேலை. மணவறையில் வந்து உட்கார்ந்ததும், கூட்டத்தில் ஒரு பொம்பளை, "கரிச்சட்டிக்குக் குங்குமம் அப்புனாப்பல இருக்குது" என்றாளாம். மெதுவாகச் சொல்லியிருந்தால் போயிருக்கும். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறாள். நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாராம். அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் எப்போதுமே பேச்சுக் குறைந்தவர்.

அதற்குப் பிறகு நங்கையா சிவப்பை வாங்கியதே இல்லை. சிவப்பு மட்டுமா? தீபாவளிக்குச் சேலை எடுக்க எத்தனையோ வருசம் நான் கூடப் போயிருக்கிறேன். கடைக்காரர் எதைப் பிரித்துப் போட்டாலும், "அது எடுப்பாத் தெரியுமல்லொ, வேண்டாம்" என்பார். சந்தனக் கலர், சாம்பல், மூக்குப்பொடிக் கலர். கண்ணில் படாத கலராகப் பார்த்துப் பார்த்து எடுப்பார். கட்டிக்கொண்டு கூட்டத்தில் நின்றால் சுவரோடு சுவராக இருப்பார்.

நானும் சுவரோடு நிற்கிறவள்தான். அதனால் அது தப்பென்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஷேடு பார்த்த மேஜை

நான் கலர் பார்த்தவள் என்று நங்கையா சொன்னது உண்மைதான். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வருகிற பீஸில் உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு இருக்கக் கூடாது. இரண்டும் நீலம்தான், ஆனால் ஒன்று சாயத்தில் கொஞ்சம் கூடுதலாகக் குளித்திருக்கும். அதைக் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும்.

எங்கள் மேஜை சன்னல் ஓரம். டியூப்லைட்டை நம்பக் கூடாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். லைட்டுக்கடியில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு துணி, வாசலுக்குக் கொண்டுபோனால் வேறு வேறாகத் தெரியும். சந்தேகம் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவோம். சூப்பர்வைசர் அதற்கு மட்டும் திட்ட மாட்டார்.

அதே மாதிரி, ஒரே கலர்தானே என்று வேறு வேறு லாட்டுத் துணியைக் கலந்துவிடக் கூடாது. சாயப்பட்டறையில் நேற்று முக்கினதும் இன்றைக்கு முக்கினதும் அச்சாக ஒன்றுபோல் வராது.

இதெல்லாம் தெரியும் என்கிற தைரியத்தில்தான் எதிர் வீட்டுத் தையல் கம்பெனியில் ஒரு பை வேஸ்ட் துணி கேட்டு வாங்கிக்கொண்டு வெள்ளகோவில் பஸ் ஏறினேன்.

துணிக்கும் முகத்துக்கும்

போய்ப் பிடித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. எனக்குத் துணிக்கும் துணிக்கும் பார்க்கத் தெரியும். துணிக்கும் முகத்துக்கும் பார்க்கத் தெரியவில்லை.

முதலில் லேவண்டர் கலரை எடுத்தேன். பெரியவர்களுக்கு மரியாதையாக இருக்கும் என்று பஸ்ஸிலேயே மனசில் முடிவு பண்ணி வைத்திருந்தேன். தாடைக்கடியில் பிடித்ததும் நங்கையாவின் உதடு நீலம் பாரித்த மாதிரி ஆகிவிட்டது.

"காச்சக்காரியாட்ட இருக்கறேன்" என்றார் கண்ணாடியைப் பார்த்து. "எடு அக்கட்ட."

சாம்பல் கலர் வைத்தால் முகத்திலும் சாம்பல் பூசின மாதிரி. கண்ணுக்குக் கீழே குழி இரண்டு மடங்காகத் தெரிந்தது. கருநீலம் கழுத்துச் சுருக்கத்தில் எல்லாம் நிழலை இறக்கியது. வெள்ளை வைத்தால் துணிதான் தெரிகிறது, ஆளைக் காணோம். எலுமிச்சை மஞ்சள் கண்ணில் இருக்கிற மஞ்சளை எடுத்துக் காட்டியது. அதை மட்டும் சட்டென்று பைக்குள் போட்டுவிட்டேன்.

கோமதி தண்ணீர்க் குடத்தோடு போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே போனாள். "நல்லூர் அத்தை, எங்க அத்தைய அழகிப் போட்டிக்கு அனுப்பறீங்களா என்ன?"

"ஆமாண்டி. நீயும் வாரதுன்னா பேரு குடு" என்றார் நங்கையா.

அப்புறம் ஒன்று நடந்தது. நான் வேண்டுமென்றே பைக்குள் அமுக்கி வைத்திருந்த ஒரு சிவப்புத் துண்டை நங்கையா தானாகவே கையை விட்டு எடுத்தார். கழுத்தில் வைத்துக்கொண்டு கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது இப்ப ஆகல. நரைச்ச மயிருக்கும் இதுக்கும் சண்டை போடுது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா சரசு, அன்னைக்கு இருந்த தோலுக்கு இது நல்லாத்தான் இருந்திருக்கும். இல்லியா?" என்றார்.

"நல்லாத்தானுங்க இருந்திருக்கும்" என்றேன்.

"நல்லாத்தான் இருந்திருக்கும்" என்று அவரே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டு, துண்டை மடித்து நாற்காலிக் கையில் வைத்தார்.

அதற்குமேல் எனக்குத் தேடவே மனசில்லை. பையைக் கவிழ்த்துத் திரும்ப அள்ளப் போனேன். அடியில் ஒரு துண்டு கிடந்தது. குழந்தைகள் டீசர்ட்டுக்கு வெட்டினது. கனகாம்பரப் பூக் கலர். எழுபதைத் தாண்டின பொம்பளைக்கு யார் அதை எடுப்பார்கள்? சும்மாதான் பிடித்தேன்.

கண் முதலில் முன்னால் வந்தது. அப்புறம் கன்னம். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வயசாகிறபோது கருப்புத் தோலில் மினுக்கம் போய், மேலே மெல்லிசாக ஒரு புழுதி படிந்த மாதிரி ஆகிவிடுகிறது. அந்தத் துணி அந்தப் புழுதியைத் துடைத்தது. கீழே இருந்து யாரோ விளக்குப் பிடித்த மாதிரி இருந்தது.

கோமதி குடத்தோடு நின்றுவிட்டாள்.

"அட! அத்தை, நல்லாத் தூங்கி எந்திரிச்சாப்பல இருக்கறீங்க."

நங்கையா கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை.

ஒரே லாட்

திருப்பூரில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். விற்கிற பெண் தென்பக்கத்துப் பேச்சு.

"யாருக்கும்மா?"

"எங்க நங்கையாவுக்குங்க."

"வயசு என்ன இருக்கும்?"

சொன்னேன். அவ்வளவுதான். கேட்காமலேயே ஒரு அடுக்கை இறக்கிவிட்டாள். சந்தனம், சாம்பல், மூக்குப்பொடி, வெளிறின பச்சை. "பெரியவங்களுக்கு இதுதாம்மா போகுது. பாந்தமா இருக்கும்."

எனக்குக் கடையில் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. கனகாம்பரத் துண்டு கைக்குள் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. சாம்பலில் ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்போது நங்கையா சிவப்புத் துண்டை மடித்து வைத்தது கண்முன்னால் வந்தது. கையை விரித்துக் காட்டினேன்.

"இது பாப்பா டிரெஸ்ஸுத் துணியில்லா?" என்று சிரித்தாள். ஆனால் நல்ல பெண். மேல் அடுக்கெல்லாம் ஏறித் தேடினாள். பட்டு மாதிரிப் பளபளக்கிறது வேண்டாம் என்றேன். துணி மினுங்கினால் முகத்துச் சுருக்கம்தான் தெரியும். அதை நங்கையா வீட்டில் ஒரு வழவழப்புத் துண்டை வைத்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். சாதாப் பருத்தியில் ஒன்று கிடைத்தது. வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். கூடவே வந்து நின்றாள். துண்டை மேலே வைத்தேன். சரியாக உட்கார்ந்தது.

"இதே கட்டுல இன்னொண்ணு இருக்குதுங்களா?" என்றேன்.

"ஒரே கலர்ல ரெண்டா?"

"ஆமாங்க. ஒரே லாட்டா இருக்கோணும்."

இரண்டாவதை வீட்டுக்கு வந்ததும் பீரோவில் அடித்தட்டில் வைத்தேன். அது எதற்கென்று என் மனசுக்குள்கூட நான் பேர் சொல்லிக்கொள்ளவில்லை. உயிரோடு இருக்கிறவருக்குக் கோடி எடுத்து வைப்பார்களா?

தைப்பூசத்தன்று நான் கொண்டுபோய்க் கொடுத்த முதல் சேலையை நங்கையா கட்டிக்கொண்டார். அண்ணனுடன் ஆட்டோவில் முருகன் கோயிலுக்குப் போய்வந்தார். நடக்க முடியவில்லை, ஆனால் சுவரோரமாக நிற்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் என்னை மட்டும் கூப்பிட்டு, "ரெண்டு எடுத்தியா?" என்றார்.

"இல்லீங்களே."

"பொய். கம்பெனிக்காரி ஒண்ணோட நிறுத்த மாட்டா." சிரித்தார். "செரி. இதைய நான் கட்டிக் கிழிச்சுக்கறேன். அதைய நான் பாக்க முடியாது. நீ பாத்துக்க."

கட்டித்தான் கிழித்தார். துவைக்கக் கேட்டால் சண்டை என்று கோமதி போனில் சொல்லுவாள்.

இரண்டாம் நாள்

ஆடிக் காற்று அடிக்கிற காலம். விடிந்ததும் போன் வந்தது. பீரோவைத் திறந்து அடித்தட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு நானும் என் மகனும் போனோம்.

நங்கையாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். உள் ஹாலில், சுவர் ஓரமாக. பிறந்த வீட்டுக் கோடி வந்துவிட்டது என்று பெட்டியைத் திறந்தார்கள். நான் சேலையைப் பிரித்துக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினேன். மூடினார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன்.

கலர் செத்துப்போயிருந்தது. கனகாம்பரம், துருப்பிடித்த தகரம் மாதிரி இருந்தது. முகம் அதைவிடக் கருத்து, சாம்பல் பூத்து இருந்தது. பெட்டிக்குள்ளே நங்கையா தலைமாட்டில் வெள்ளையாக ஒரு லைட் எரிந்தது.

அத்தனை பாடுபட்டு வாசல் வெளிச்சத்தில் பார்த்தேனே, அவர் அன்றைக்குப் படுக்கப்போவது எந்த வெளிச்சத்தில் என்று நான் யோசிக்கவே இல்லை. ஷேடு பார்த்தவள் மறக்கக் கூடாத ஒன்றை மறந்திருக்கிறேன்.

சனம் வரிசையாக வந்து பார்த்துக்கொண்டு போனது. எனக்குப் பின்னால் யாரோ ஒரு பொம்பளை பக்கத்தில் இருந்தவளிடம், "கலரே ஆகலியே, பாவம். இவியளுக்குப் போய் இந்தக் கலரா?" என்றாள்.

மணவறைக்கு முன்னால் சொன்ன அதே பேச்சு. சிரிப்பு மட்டும்தான் இல்லை.

இழவு வீட்டில் ஆண்கள் நிற்கிற இடத்தில் நான் வாய் திறந்ததே இல்லை. "அந்த லைட்ட நிறுத்துங்க" என்றேன். சத்தமே வரவில்லை. திரும்பவும் சொன்னேன். இந்தத் தடவை ரொம்பச் சத்தமாக வந்துவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெட்டி கொண்டுவந்த ஆள், "லைட்டு இல்லீன்னா மூஞ்சி தெரியாதுங்கம்மா" என்றார்.

"வாசப்பக்கம் தூக்கி வெச்சாத் தெரியுமுங்க."

"வெச்ச எடத்த விட்டு நகத்தறதாவது" என்றார் ஒரு பெரியவர். "அந்தம்மாளுக்கு என்ன ஆச்சு? தண்ணி குடுங்கப்பா."

என்ன சொல்லிப் புரியவைப்பேன்? நங்கையா என்னிடம் கேட்டது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அப்படியே சுவரோடு போய் உட்கார்ந்துவிடலாம்போல இருந்தது.

அழுதுகொண்டிருந்த கோமதி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். பெட்டிக்குள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அன்றைக்கு வாசலில் எதற்காகத் துணி பிடித்தோம் என்று அந்த நேரத்தில்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"நல்லூர் அத்தை சொல்றது செரிதானுங்க" என்றாள். "எங்க அத்தைக்கு அந்த லைட்டு ஆகாது. தூக்குங்க."

லைட் சுவிட்சை அவளே தட்டினாள். மாமியாரைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அவள் சொன்ன பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவள் வீட்டுக்காரனும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து பெட்டியை வாசல்படிக்கு நேராக நகர்த்தினார்கள். துணி பார்த்த அன்றைக்கு நங்கையா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாரே, ஏறத்தாழ அதே இடம்.

மேகம் மூடின வானம். வெயில் இல்லை. கூசாத, நிதானமான வெளிச்சம். அது கண்ணாடி வழியாக உள்ளே இறங்கியது.

கனகாம்பரம் திரும்பி வந்தது. முகமும் வந்தது.

வரிசையில் வந்தவர்கள் உடனே நகரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். பின்னால் பேசின பொம்பளையும் நின்றாள்.

அண்ணனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். யாரிடம் என்றில்லாமல், "இப்படித்தானே இருந்தா, எப்பவும்" என்றார்.

இதை முன்னாடியே நங்கையாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போதாவது சொன்னார். நான் கேட்டேன்.

கடைசியாக ஒன்று

இதில் எது சரி, எது தப்பு என்று எனக்கே நிச்சயமில்லை. கல்யாணத்தில் அந்தப் பொம்பளை சொன்னது நான் எழுதின வார்த்தைதானா என்று கேட்க எங்கள் வீட்டுக்காரரும் இல்லை. கனகாம்பரம் என்று எழுதிவிட்டேன். கோமதி அதைப் பவளக் கலர் என்கிறாள். இரண்டாவது சேலை நங்கையாவோடு போய்விட்டது. மாதிரித் துண்டை எங்கே வைத்தேன் என்று ஞாபகமில்லை.

நங்கையா கட்டிக் கிழித்த முதல் சேலை கோமதியிடம்தான் இருக்கிறது. வெள்ளகோவில் பக்கம் போகிற நம்ம சொந்தக்காரர்கள் யாராவது வாங்கிப் பார்த்து, என்ன கலர் என்று எனக்குச் சொன்னால் திருத்திக்கொள்கிறேன். ஹாலில் வைத்துப் பார்க்க வேண்டாம். தயவுசெய்து வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.